பத்துக்கு எத்தனை

இரண்டு மணி பத்து நிமிடம்.
நேரத்தைத்தான் முதலில் எழுதுவேன்.
பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு,
மூன்றாம் கட்டில்.
முக்கூடலிலிருந்து நூற்றியெட்டில் வந்தவள்,
பேராச்சி, நாற்பத்தொன்று, பீடி சுற்றுகிறவள்.
வலது விலாவுக்குக் கீழே இரண்டு கையாலும்
எதையோ நழுவவிடாமல் பிடித்திருக்கிறாள்.
புறங்கையெல்லாம் வேர்வை.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது,
பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை.
"வலி பத்துக்கு எத்தனைம்மா இருக்கும்?"
கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:
"பத்துக்குல்லாம் எனக்குத் தெரியாது.
ஆயிரத்துக்குத்தான் எங்களுக்குக் கூலி.
ஆயிரத்துக்குச் சொல்லட்டா?"

சொல்லு என்றேன்.
"தொள்ளாயிரம். கூடவும் இருக்கும்,
எண்ண முடியல."

இந்த ஊர் வலிகள்
அந்தக் கட்டத்துக்கு வெளியே பிறந்தவை.
கடுக்கும். காந்தும். உளையும்.
விண்ணு விண்ணென்று தெறிக்கும்.
போன மாசம் சேரன்மகாதேவியிலிருந்து ஒருத்தர்,
நெஞ்சுக்குள்ளே கம்மென்று இருக்கு என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
மீதியை ஈ.சி.ஜி. சொன்னது.

டியூட்டி டாக்டர் செய்யது மசூதுக்கு இருபத்தாறு வயது.
"சர்ஜன் வயித்தத் தொட்டுப் பாக்கட்டும் ஸிஸ்டர்.
இப்பவே ஊசி போட்டா வலி ஒளிஞ்சுக்கும்,
அப்புறம் எதை வச்சுக் கண்டுபிடிக்க?"
அவர் பிறப்பதற்கும் முந்திய பயம் அது,
யார் கொடுத்துவிட்டுப் போனார்களோ.
சர்ஜன் தியேட்டரில்.
ஆலங்குளம் ரோட்டில் ஒரு வேன் கவிழ்ந்திருந்தது.

நான் வாதாடவில்லை.
"ரெண்டு இருபது, டாக்டர்" என்றேன்.
டிரிப் ஏற்றினேன், ரத்தம் எடுத்தேன்.
"ரெண்டு இருபத்தாறு."
பேராச்சி சேலைத் தலைப்பைச் சுருட்டி
வாயில் திணித்துக் கடித்தாள்.
சுருட்டியதும் பீடி மாதிரியே, அத்தனை இறுக்கம்.
"ரெண்டு முப்பத்தொண்ணு, டாக்டர்."
அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
கைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டு
எழுதினார்.

மார்பின் அலமாரிக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி என் இடுப்பில், மற்றது அவர் பையில்.
ஆம்பியூலை எண்ண வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும்,
ஒடித்த கண்ணாடியையும் காலையில் ஒப்படைக்க வேண்டும்.
இலைக்கும் தூளுக்கும் கணக்குக் கேட்கும்
கம்பெனி மாதிரிதான் நாங்களும்.

கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினேன்.
அவள் மூச்சை எண்ணினேன்.
"எழுநூறு" என்றாள்.
பொறுத்து, "ஐநூறு... இல்ல, நானூத்தம்பது."
அப்புறம் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"கழிவு போக நூறு நிக்கும்" என்று
விலாவிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

சர்ஜன் வந்து அமுக்கினார்.
ஒளிந்திருக்கும் என்று பயந்த வலி
கூப்பிட்ட இடத்துக்கு உடனே வந்தது.
பித்தப்பை என்றார், கையைக் கழுவப் போனார்.

படிவத்தில் "ஒன்று" என்று எழுதினேன்.
ஊசிக்கு முந்திய இருபத்தெட்டு நிமிடத்துக்கு
அதில் கட்டம் இல்லை.

நாலாம் கட்டிலில் மானூர் குவாரிப் பையன் வேல்துரை.
கல் விழுந்து பெருவிரல் நசுங்கியவன்,
எக்ஸ்ரேக்குக் காத்திருக்கிறான்.
மாமன் பக்கத்தில் நின்றதால்
ஒண்ணுமில்ல என்றிருந்தான், ஒன்றரை மணிக்கு.
நானும் பூஜ்ஜியம் போட்டிருந்தேன்.
உதடு வெளுத்திருப்பதை
இப்போதுதான் பார்க்கிறேன்.

பேராச்சியின் விரிந்த கையையே
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.
மாமன் டீ குடிக்கப் போயிருந்தார்.
"எக்கா,
ஆயிரத்துக்குச் சொல்லணுமா, பத்துக்கா?"

எதுக்கு வேணும்னாலும் சொல்லுடே என்றேன்,
மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்
என்று எழுதிக்கொண்டே.